மலையில இருந்து கடல் கயாக் ட்ரிப் போறீங்களா? நாங்க பண்ண தப்பைப் பண்ணாதீங்க

ஊட்டி லேக்ல துடுப்பு போட்டிருக்கோம், தொட்டபெட்டா வரைக்கும் நடந்த காலு, கடல்ல நாலு நாள் கயாக்ல (துடுப்பு போட்டு ஓட்டுற ஒடுங்கலான சின்னப் படகு) சமாளிச்சுடலாம்னு நம்பித்தான் கோத்தகிரியில இருந்து அஞ்சு பேர் தாய்லாந்து பாங்-நா விரிகுடாவுக்குக் கெளம்பினோம். (மன்னார் வளைகுடாவுலயே 21 தீவு இருக்கேன்னு கேப்பீங்க, அது தேசிய பூங்கா, அங்க டென்ட் போட்டுத் தங்க முடியாது.)

பெரிய தப்பு நேரத்துல. வெயில் வரட்டும், டீ குடிச்சுட்டுப் போலாம்ங்கிறது நம்ம ஊர் பழக்கம், கடல்ல அது நடக்காது, மதியத்துக்கு மேல காத்து ஏறிடும், அதுபோக தண்ணி ஆறு மணி நேரம் ஏறும் ஆறு மணி நேரம் எறங்கும், தினமும் 50 நிமிஷம் போலத் தள்ளியும் போகும். கயாக் மணிக்கு 5 கிலோமீட்டர் போகுதுன்னு வைங்க, எதிர்ல 3 கிலோமீட்டர் வேகத்துல நீரோட்டம் வந்தா மிச்சம் ரெண்டுதான். அதனால கைடு அஞ்சரைக்கு எழுப்பினா எழுந்துடுங்க.

டென்ட் விஷயமும் இதேதான். கரையில காஞ்ச பாசியும் குப்பையும் ஒரு கோடு மாதிரி கெடக்கும், தண்ணி அதுவரைக்கும் வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், அதுக்கு நல்லா மேல போடுங்கன்னு கைடு சொன்னாரு. கீழ மணல் மெத்துன்னு இருக்குன்னு நாங்க ரெண்டடி எறக்கிப் போட்டோம். அன்னைக்குப் பௌர்ணமி, பௌர்ணமி அமாவாசைக்குத் தண்ணி இன்னும் உசரமா ஏறும். நடுராத்திரியில பாய்க்கு அடியில சலசலன்னு சத்தம், செருப்பு மெதந்துட்டு இருக்கு.

ட்ரெக்கிங் பையை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, கயாக்ல சாமான் வைக்கிற ஓட்டை பெரிய குக்கர் மூடி அளவுதான், சின்னச் சின்ன ட்ரை பேக்காப் (தண்ணி புகாத பை) பிரிச்சு வைங்க, குடிதண்ணி மாதிரி வெயிட்டானதெல்லாம் நடுவுல, சீட் பக்கத்துல. பேப்பர் கவர்ல கொண்டுபோன வர்க்கி மொத நாள் சாயங்காலமே நமுத்துப்போச்சு. ஜீன்ஸ், காட்டன் சட்டை வேணாம், நனைஞ்சா காயாது, சீக்கிரம் காயுற முழுக்கை சட்டை போடுங்க, தண்ணியில பட்டுத் திரும்புற வெயில் தாடைக்கு அடியிலகூட சுடும். துடுப்பை இறுக்கிப் பிடிச்சு கையால மட்டும் இழுத்தா ரெண்டாம் நாளே கொப்புளம், இடுப்பைத் திருப்பி இழுக்கணும்.

நீச்சல் தெரியலன்னா மறைக்காம சொல்லிடுங்க ப்ளீஸ், மலையில வளந்த நம்மள்ல நெறைய பேருக்குத் தெரியாது, அதுல வெக்கமே இல்ல. மொத நாள் கரையோரம் வேணும்னே கவுத்துத் திரும்ப ஏறச் சொல்லிக்கொடுப்பாங்க, எங்க கூட வந்த ஒருத்தன் கூச்சப்பட்டு அதைச் செய்யல. மூணாம் நாள் ஒரு அலை பக்கவாட்டுல அடிச்சு கவுந்துட்டான், லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடிச்சிருந்தும் பதட்டத்துல துடுப்பைக் கைவிட்டுட்டான். கைடு தன் கயாக்கைக் குறுக்க கொண்டுவந்து, அவனோட கயாக் முனையைத் தூக்கித் தண்ணியை வடிச்சு, ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, படுத்த மாதிரி காலை உதைச்சு ஏறுப்பான்னு சைகை காட்டினாரு, மூணாவது தடவைதான் ஏற முடிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலம் முழங்கால் தண்ணியில யாரும் சொல்லாமலே அவன் தானா கவுத்துக் கவுத்து ஏறிப் பழகிட்டு இருந்தான்.