ஆர்கானிக் கடையில் வாங்கினால் ஆரோக்கியமா? நாம் அடிக்கடி செய்கிற தவறுகள்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரமே வீட்டில் சீனி டப்பா காலியானது. தெருமுனை இயற்கை அங்காடியிலிருந்து கருப்பட்டி வந்தது. அதுவரை காலையில் ஒரு டம்ளர் காபியோடு நிறுத்துகிறவர், "இது உடம்புக்கு நல்லதுதானே" என்று மூன்று டம்ளர் குடிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நாட்டுச் சர்க்கரை போட்ட ராகி லட்டு. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுத்தோம். சராசரிச் சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. "இனிப்பு சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "சீனியைத் தொடவே இல்ல டாக்டர்" என்றார் அம்மா. அவர் மனமறிந்து சொன்ன உண்மை அது.

அன்றிலிருந்துதான் அந்தக் கடையில் வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் எனக்கு வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித்தேடிச் சேர்த்ததும் இல்லையென்றால் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்ற பெயர்களே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. அந்த நெல்லை விளைவிக்கிற விவசாயிக்கு ஒரு சந்தை வேண்டும். அதை இந்தக் கடைகள்தான் கொடுத்தன. ஆனால் ரசாயனம் போடாமல் விளைந்ததா என்பது ஒரு கேள்வி, என் அம்மா இதை எவ்வளவு சாப்பிடலாம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் வைத்துக்கொள்வதுதான் நம் வீட்டில் நடந்தது. ஆர்கானிக் சான்று, பயிர் எப்படி விளைந்தது என்பதைச் சொல்கிறது. ஆர்கானிக் கரும்பிலிருந்து எடுத்த சர்க்கரையும் சர்க்கரைதான்.

இனிப்பில் நடக்கும் ஏமாற்றம்

வெள்ளைச் சீனி 100 கிராமுக்குச் சுமார் 400 கலோரி. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் 350லிருந்து 380 வரை. தேன் 300ஐ ஒட்டி, அதுவும் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருப்பதால்தான். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் காபிக்குப் போடும் ஒரு ஸ்பூனில் வருவது மிகச் சொற்பம். ஒரு கரண்டி கொண்டைக்கடலைச் சுண்டலில் அதைவிட அதிகம் கிடைக்கும். இரும்புச்சத்துக்காக வெல்லம் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, வெல்லத்துக்காகவே வெல்லம் சாப்பிடுகிறோம்.

சுவைக்காகக் கருப்பட்டி வாங்குங்கள், எனக்கும் பிடிக்கும். அப்போதும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பதநீர் இறக்குவது கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படியிருக்க, வருடம் முழுக்க எல்லாக் கடையிலும் மலிவாகக் கருப்பட்டி கிடைக்கிறதென்றால் அதில் சீனி கலந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. வெல்லத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறம் ஓர் எச்சரிக்கை. நிறத்தை வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுவது வழக்கம். பார்க்க அழகில்லாத, கறுத்த, கொஞ்சம் பிசுபிசுப்பான வெல்லத்தையே எடுங்கள்.

தேன் விஷயத்தில் கடையின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ நம்பிப் பயனில்லை என்பது 2020 டிசம்பரில் தெரிந்துபோனது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை, மூலக்கூறு அளவில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். சோதனைக்கு அனுப்பியது. மூன்று மட்டுமே தேறின. வழக்கமான சோதனைகளில் சிக்காத சர்க்கரைப் பாகு கலப்படம் நடப்பதை அந்த விசாரணை வெளியே கொண்டுவந்தது. இன்னொன்று, எந்தக் கடைக்காரர் எவ்வளவு சுத்தம் என்று சொன்னாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம். சுத்தமான காட்டுத் தேனிலும் இந்த ஆபத்து உண்டு.

பாக்கெட்டின் முன்பக்கம் பார்த்து வாங்குவது

கடையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பது தின்பண்ட வரிசை. தினை குக்கீஸ், ராகி பிஸ்கட், கம்பு மிக்சர், சிறுதானிய நூடுல்ஸ், வரகு முறுக்கு. எனக்குத் தெரிந்து இந்தக் கடைகளில் நாம் அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

உட்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எனவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'ராகி பிஸ்கட்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டைத் திருப்பினால் முதலில் 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு', அடுத்தது சர்க்கரை, மூன்றாவது பாமாயில் என்று இருக்கும். முதலில் இருக்கிறதே, அது மைதா. ராகி எத்தனை சதவீதம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள், சில பாக்கெட்டுகளில் அது பத்தைக்கூடத் தாண்டாது. சர்க்கரை என்ற சொல்லே இல்லாவிட்டாலும் லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், பேரீச்சம்பழப் பாகு என்று பல பெயர்களில் அதே வேலையைச் செய்கிற பொருள்கள் இருக்கும். செக்கு எண்ணெயில் பொரித்த வரகு முறுக்கும் முறுக்குதான். தீபாவளிக்குச் சாப்பிடுகிற அளவில் சாப்பிடுவோம், தினமும் நாலு மணிக்கு டப்பாவைத் திறக்க அது காரணமாகிவிடக் கூடாது.

'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்லுக்கே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறை கிடையாது. 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இதைச் சொல்லித்தான், பால் சார்ந்த, தானியம் சார்ந்த, மால்ட் சார்ந்த பானங்களை அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. வரையறை இல்லாத ஒரு சொல்லை நம்பி இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு இனிப்புத் தூள் கலந்து கொடுத்திருக்கிறோம்.

வெள்ளையாக இருக்கும் சாமை

2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த பிறகு எல்லாச் சமையலறைக்குள்ளும் சாமையும் குதிரைவாலியும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் இந்தத் தானியங்களின் மேல் உமியை நீக்கியதும் உள்ளே தவிடு ஒட்டியிருக்கும். நார்ச்சத்தும் தாதுக்களும் அதில்தான் அதிகம். அந்தத் தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், பூச்சியும் பிடிக்கும். மாதக்கணக்கில் பாக்கெட்டில் கிடக்க வேண்டுமென்பதற்காக அதையும் தீட்டிவிடுகிறார்கள். பிறகு கையில் வருவது கிட்டத்தட்ட வெள்ளை அரிசிதான், விலை மட்டும் இரண்டு மடங்கு.

பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தீட்டாத சாமை, வரகு, குதிரைவாலியில் பழுப்போ சாம்பலோ கலந்த மங்கல் நிறம் இருக்கும். வேக நேரம் எடுக்கும், ஊறவைக்கவும் வேண்டும். பத்து நிமிடத்தில் பூப்போல வெந்து, மல்லிகை மாதிரி வெள்ளையாக இருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். பாரம்பரிய அரிசியிலும் இதே கதை. கிச்சிலிச் சம்பாவைப் பட்டை தீட்டி வெள்ளையாக்கிவிட்டால் ரகத்தின் பெயரும் ருசியும் மிஞ்சும், தவிடு மிஞ்சாது.

கேழ்வரகு இதில் தப்பித்த தானியம். அதன் தோல் உள்ளே இறுக்கமாக ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் முழுசாகவே அரைபடுகிறது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். இதைச் சாதாரண மளிகைக் கடையில், பாதி விலைக்கு வாங்கினாலும் அதே கேழ்வரகுதான். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023இலிருந்து ரேஷனில்கூடக் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை சேர்த்து, அளவாகச் சாப்பிடுவது மேல். அளவு என்றதும் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டில் ஒன்றரைக் கப் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டரைக் கப் சாமைப் பொங்கல் சாப்பிட்ட காலமும் உண்டு.

கூட்டம் வராத கடையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சரக்கு நகராது. கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசக்க ஆரம்பித்துவிடும். ஆளிவிதைப் பொடியும் அப்படித்தான். தயாரித்த தேதியே இல்லாமல், வெறும் கவரில் கட்டி ஸ்டிக்கர் ஒட்டிய சத்துமாவை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். தேதியும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இல்லாத பாக்கெட்டை, கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், திருப்பி வைத்துவிடுங்கள். தானியத்தை முழுசாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் கொடுத்து அரைப்பதுதான் சரி.

செக்கு எண்ணெய்க்கு ஒரு கணக்கு

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு மரச்செக்கில் இரண்டு கிலோவுக்கு மேல் கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். உங்கள் ஊரில் அன்றைக்குப் பருப்பு என்ன விலை என்று விசாரியுங்கள். இரண்டேகால் கிலோவுக்குப் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்கும் காசைக் கழித்து, ஆட்டுக்கூலியைக் கூட்டுங்கள். அதற்கும் கீழே விலை வைத்து 'சுத்தமான மரச்செக்கு' என்று எழுதியிருந்தால், எந்தக் கணக்கில் கட்டுப்படியாகிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

விலை சரியாக இருந்தாலும் பருப்பு சரியாக இருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு இருக்கும், அது கல்லீரலைக் கெடுக்கும். ஆலையில் ரீஃபைன் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டினால் எண்ணெயோடு வர வாய்ப்பிருக்கிறது. ஆட்டுகிறவர் பருப்பைப் பொறுக்கிக் காயவைக்கிறாரா என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் போதும்.

நல்ல எண்ணெய் என்பதால் தாராளமாக ஊற்றுவது அடுத்த தவறு. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி எடுப்பவருக்குச் சமையல் கொழுப்பு 27 கிராம் என்று இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் நெய்யும் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டரை ஒட்டி வரும். உங்கள் வீட்டு மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

நெய்யில் 'ஏ2' என்று எழுதி இரண்டு மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். ஏ2 என்பது பாலில் இருக்கும் ஒரு புரதத்தின் வகை. நெய்யோ ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு, அதில் புரதமே இல்லை என்று சொல்லலாம். இல்லாத புரதத்துக்கு எதற்குக் கூடுதல் காசு? 2024 ஆகஸ்ட் 21 அன்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இந்த ஏ1, ஏ2 குறிப்புகளை நீக்கச் சொன்னது, சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றும்விட்டது. லேபிள் தொடர்கிறது.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தம் உள்ளவர் அதையும் குறைத்தே சேர்க்க வேண்டும். அதோடு பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் அயோடின் உப்பை முழுசாக நிறுத்திவிடாதீர்கள்.

முத்திரையும் மூட்டையும்

பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று எழுதி விற்க ஜைவிக் பாரத் என்ற அரசு முத்திரை வேண்டும். அதன் பின்னால் மத்திய அரசுத் திட்டமான என்.பி.ஓ.பி.யின் சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி தரும் பி.ஜி.எஸ். சான்றோ இருக்கும். வயல் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் காலத்துக்கும் முழுதாக மாறிய பிறகும் தனித்தனிக் குறிப்பு உண்டு. தமிழ்நாட்டில் அரசுத் துறையே அங்ககச் சான்று எனப்படும் ஆர்கானிக் சான்றை வழங்குகிறது. நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு இதில் விலக்கு இருக்கிறது. அதனால் வாரச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் முத்திரை கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். கடையில் சிரமம் மூட்டையில்தான். திறந்த மூட்டையில் 'இயற்கை துவரம்பருப்பு' என்று அட்டை குத்தியிருந்தால் அதைச் சரிபார்க்க நமக்கு வழியே இல்லை. யாருடைய வயல், எந்த ஊர், எப்போது அறுவடை என்று கேளுங்கள். உண்மையாகக் கொள்முதல் செய்கிறவர் பெயர் சொல்லிப் பதில் தருவார்.

என்னை உண்மையிலேயே பயப்பட வைப்பது கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் பொடிகள். சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, 'சுகர் கட்டுப்பாட்டுச் சூரணம்'. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்ய 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்னது. அத்தனை பேருடைய பயத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. பொடியைச் சாப்பிட்டே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கவும் கூடும். பொடியை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அம்மா இப்போது சர்க்கரையே இல்லாமல் காபி குடிக்கிறார். முதல் இரண்டு வாரம் கஷ்டப்பட்டார், பிறகு பழகிவிட்டது. காய்கறியும் கீரையும் உழவர் சந்தையில். அந்த இயற்கை அங்காடிக்கு மாதம் ஒருமுறை போகிறேன், தோல் உளுந்து, எள், தீட்டாத தானியம், கொஞ்சம் செக்கு நல்லெண்ணெய். போன வாரம் குதிரைவாலி கேட்டேன். "வெள்ளையாத்தான் வந்திருக்குக்கா, உங்களுக்கு வேணாம், அடுத்த லோடு வரட்டும்" என்றார் கடைக்காரத் தம்பி. கேழ்வரகு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.