பழைய லேப்டாப் புது வைஃபையோடு சேரவில்லையா? வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து புது ரூட்டர் மாட்டிய அன்றே இந்தப் புகார் கிளம்பும். போன்கள் சேர்ந்துவிட்டன, டிவி சேர்ந்துவிட்டது, 2012-ல் வாங்கிய லேப்டாப் மட்டும் அடம் பிடிக்கிறது. "வைஃபை கார்டு போயிருச்சு" என்று உடனே ஒரு தீர்ப்பு வரும். பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். நேற்று வரை பழைய ரூட்டரோடு வேலை செய்த கார்டு, ரூட்டர் மாற்றிய அதே நாளில் பார்த்தா பழுதாகும்? மாறியது ரூட்டர். மாற்ற வேண்டிய அமைப்பும் முக்கால்வாசி ரூட்டரில்தான் இருக்கிறது.

ஆகவே முதல் தவறு, என்ன கோளாறு என்று பார்க்காமலே லேப்டாப்பைக் குடைவது. வைஃபை பெயரே பட்டியலில் தெரியவில்லையா? பெயர் தெரிந்தும், பாஸ்வேர்டு கொடுத்த பிறகு சேர மறுக்கிறதா? சேர்ந்தும் இணையம் வரவில்லையா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு உதவாது.

இரண்டாவது தவறு ஃபார்மேட். இது இருக்கிற சிக்கலைப் பெரிதாக்கும். விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட்டால் பல மாடல்களில் வைஃபை டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), சிலவற்றில் லேன் டிரைவர்கூடக் காணாமல் போகும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். ஏற்கெனவே அந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனில் "யூஎஸ்பி டெதரிங்" போடுங்கள். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கொடுக்கும். விண்டோஸ் 7-லும் லினக்ஸிலும் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது.

பெயரே தெரியாதபோது

ஃபார்மேட்டுக்கு முன்னால் லேப்டாப்பின் முன்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் வைஃபைக்கென்று ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் உண்டு, அல்லது எஃப்என் சாவியோடு சேர்த்து அழுத்தும் பொத்தான் உண்டு. பையில் போட்டு எடுக்கும்போது சுவிட்ச் நகர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் சுவிட்ச் குற்றவாளி இல்லை, அநேகமாக அலைவரிசைதான்.

இன்றைய வீட்டு ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் ஒலிபரப்புகின்றன. 2010 முதல் 2014, 2015 வரை குறைந்த விலையில் விற்ற லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் 2.4 மட்டுமே தெரிந்த கார்டு இருக்கும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம். பெட்டியில் "802.11என்" என்று போட்டிருக்கிறதே, அதில் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டே என்று வாதம் வரும். 2009-ல் வந்த அந்தத் தரம் இரண்டு அலைவரிசையையும் அனுமதித்தது உண்மை. ஆனால் இரண்டும் கட்டாயம் இல்லை. செலவைக் குறைக்க நிறுவனங்கள் ஒன்றை விட்டுவிட்டன. டிவைஸ் மேனேஜரில் "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" பகுதியில் கார்டின் பெயரைப் பாருங்கள். "டூயல் பேண்ட்", "ஏஜிஎன்", "ஏசி" என்று இருந்தால் 5 உண்டு. "பிஜிஎன்" அல்லது வெறும் "என்" என்றால் அநேகமாக 2.4 மட்டும்தான்.

அப்படியென்றால் ரூட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். "வேகம் வரும்" என்று சொல்லி இணைப்பு கொடுக்க வந்தவர் 5-ஐ மட்டும் விட்டுப் போயிருக்கலாம். இரண்டையும் ஒரே பெயரில் ஓட்டும் "ஸ்மார்ட் கனெக்ட்" வசதியும் சில பழைய கார்டுகளைக் குழப்பும். அதை அணைத்து 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்தால் தெளிவு. போன் ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அலைவரிசையை 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-லிருந்து வந்த மாடல்களில் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்ற சுவிட்சைப் போடுங்கள்.

2.4 ஓடியும் தெரியவில்லையா? இரண்டு சந்தேகங்கள் பாக்கி. 2.4 அலைவரிசை சேனல் என்ற எண்ணிட்ட தடங்களாகப் பிரிந்திருக்கிறது. இந்தியாவில் 1 முதல் 13 வரை எல்லா சேனலும் செல்லும், ஆனால் அமெரிக்காவில் விற்ற கார்டுகள் பொதுவாக 11-க்கு மேல் பார்ப்பதில்லை. மாமா அங்கிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால், ரூட்டர் "ஆட்டோ"வில் 12-க்கோ 13-க்கோ போய் உட்காரும்போதெல்லாம் வைஃபை மாயமாகும். சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். அடுத்தது, பிந்தைய தரமான வைஃபை 6. இன்டெல்லின் 7265, 8260 போன்ற கார்டுகளில் பழைய டிரைவர் இருந்தால், வைஃபை 6 ஓடும் ரூட்டரின் பெயரையே பட்டியலில் காட்டாது. இது தெரியாமல் கார்டையே மாற்றியவர்கள் உண்டு. டிரைவரைப் புதுப்பித்தால் போதும். புது டிரைவர் கிடைக்காத கார்டுக்கு, ரூட்டரில் 2.4-ன் முறையை "பிஜிஎன்" என்று இறக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் சேரவில்லை

ஆபத்தான தவறுகள் நடப்பது இங்கேதான். வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பாதுகாக்கும் பூட்டு முறைகளில் இன்று பரவலாக இருப்பது டபிள்யூபிஏ2, 2004-ல் வந்தது. அதற்கு அடுத்த டபிள்யூபிஏ3 2018-ல் வந்தது, 2020 ஜூலையிலிருந்து புதிதாக வைஃபை சான்று பெறும் கருவிகளுக்கு அது கட்டாயம். விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் டபிள்யூபிஏ3 தெரியாது. விண்டோஸ் 10-க்கு 2019-ன் 1903 பதிப்பிலிருந்து தெரியும், ஆனால் கார்டின் டிரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரூட்டர் "டபிள்யூபிஏ3 மட்டும்" என்று இருந்தால், பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் பழைய மெஷின் உள்ளே போகாது.

ரூட்டரை "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3" கலப்பு முறைக்கு மாற்றினால் பல மெஷின்கள் சேர்ந்துவிடும். சில பழைய டிரைவர்கள் கலப்பையும் ஏற்காது, அவற்றுக்கு ஏஇஎஸ் குறியாக்கத்தோடு வரும் டபிள்யூபிஏ2 ("டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ்") மட்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். "பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் சேருது சார்" என்று வீட்டு வைஃபையைத் திறந்தே போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். டபிள்யூஇபி என்ற ஆதிகாலப் பூட்டுக்கு மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பூட்டை உடைக்கும் முறை 2001-லேயே வெளியாகிவிட்டது, இப்போது இலவச மென்பொருளோடு சில நிமிட வேலை. ஏஇஎஸ்-க்குப் பதிலாக வரும் டிகேஐபி என்ற பழைய குறியாக்கமும் வேண்டாம். பாதுகாப்பு ஒரு பக்கம், அதில் ஓடினால் 802.11என் கார்டும் 54 மெகாபிட்டுக்கு மேல் போகாது. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் மூன்றாவது சர்வீஸ் பேக் போட்டால் அதிலேயே டபிள்யூபிஏ2 வந்துவிடும்.

ஒரு கிழ லேப்டாப்புக்காக வீட்டின் மொத்தப் பூட்டையும் ஏன் மாற்ற வேண்டும்? ரூட்டரில் "கெஸ்ட் நெட்வொர்க்" இருக்கிறது அல்லவா, அதைத் திறந்து இந்த லேப்டாப்புக்கென்றே ஒதுக்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ், பாஸ்வேர்டு வேறு. பெயரில் தமிழ் எழுத்து, எமோஜி, மேற்கோள் குறி எதுவும் வேண்டாம், வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். போன்களும் டிவியும் பழையபடி டபிள்யூபிஏ3-லேயே இருக்கும். அப்டேட் நின்றுபோன ஒரு மெஷின் வீட்டின் மற்ற கருவிகளைத் தொட முடியாமல் தனியாக நிற்பதும் நல்லதுதான். ஒரே குறை, கெஸ்ட்டில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து வீட்டு வைஃபை பிரிண்டருக்குப் பிரிண்ட் போகாது. சில ரூட்டர்களில் கெஸ்ட்டுக்குத் தனிப் பூட்டு முறை வைக்க முடியாது, சிலவற்றில் ரூட்டரின் இந்த அமைப்புப் பக்கத்தையே இணைப்பு கொடுத்த நிறுவனம் மூடி வைத்திருக்கும். அப்போது கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்ல வேண்டியதுதான்.

எல்லாம் மாற்றிய பிறகும் சேரவில்லை என்றால் லேப்டாப்பில் பழைய நினைவு இருக்கலாம். விண்டோஸ் 7 ஒரு வைஃபையின் பெயரோடு அதன் பூட்டு வகையையும் சேர்த்துச் சேமித்திருக்கும். "மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ்" போய் அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

சேர்ந்தும் இணையம் வராதபோது

கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்பான தளம் எதுவும் திறக்காது, "இணைப்பு தனிப்பட்டதல்ல" என்ற எச்சரிக்கைதான் வரும். அதைப் பார்த்து ரூட்டரைத் திட்டுவதில் பயனில்லை. தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை என்றால், தளம் உண்மையானதா என்று சரிபார்க்க லேப்டாப்பில் இருக்கும் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை தளங்களுக்குத் தரும் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-ல் முடிந்தபோது, அப்டேட் போடாத மெஷின்களில் ஏராளமான தளங்கள் திறக்காமல் போயின. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை வைத்துச் சோதிப்பதை முதலில் நிறுத்துங்கள். சான்றிதழ்களைத் தானே கொண்டுவரும் ஃபயர்பாக்ஸைப் போட்டுப் பார்த்தால் கோளாறு வைஃபையில் இல்லை என்பது புரிந்துவிடும்.

பழைய பிராட்பேண்ட் காலத்து வழக்கம் ஒன்றும் மாட்டிவிடும். அன்று இணைப்பு கொடுக்க வந்தவர் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் லேப்டாப்பின் எண்) கையால் போட்டிருப்பார். 192.168.1 என்று தொடங்கும் அந்த எண் அப்படியே இருக்க, புது ரூட்டர் 192.168.29 என்றோ 192.168.0 என்றோ தொடங்கினால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள்.

கார்டு வாங்கப் போகும்போது

இவ்வளவும் பார்த்த பிறகு, 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றோ கார்டு நிஜமாகவே செத்துவிட்டது என்றோ தெரிந்தால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகலாம். யூஎஸ்பி அடாப்டர் எளிது. ஆனால் பெட்டியில் உள்ள "600" என்பது இரண்டு அலைவரிசைகளின் வேகத்தைக் கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 மட்டும் இருந்தால், அதன் உச்சமே 480 மெகாபிட் என்பதால் "1200" அடாப்டருக்குக் கூடுதல் காசு வீண். உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். லினக்ஸ் என்றால் அதன் மையப்பகுதியான கெர்னலிலேயே டிரைவர் உள்ள மீடியாடெக் சிப்பாகப் பார்த்து வாங்குவது நிம்மதி.

உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவது கொஞ்சம் வில்லங்கம். கார்டைச் செருகும் இடம் 2013-க்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலும் மினி பிசிஐஇ வகை, அதற்குப் பிறகு எம்.2 வகை. ஒன்று மற்றதில் ஏறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கி ஏமாறாதீர்கள், அது குறிப்பிட்ட புது இன்டெல் சிப்செட்டோடு மட்டும் வேலை செய்யும். பழைய திங்க்பேட், ஹெச்பி மாடல்கள் பலவற்றில், பயாஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பட்டியலில் இல்லாத கார்டு போட்டால் விண்டோஸ் வரை மெஷின் போகவே போகாது. உங்கள் மாடலுக்கு எது பொருந்தியது என்று முன்னதாகத் தேடிவிட்டுப் போங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆன்டெனா உள்ள 2.4 கார்டு 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 72 மெகாபிட் என்று காட்டும், கைக்கு வருவது அதில் பாதிதான். 300 மெகாபிட் திட்டம் வாங்கியும் இவ்வளவுதானா என்று ரூட்டரில் 40 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதி இன்னும் குறையும். யூடியூப் பார்க்கவும் ஆன்லைன் வகுப்புக்கும் அந்தப் பாதியே தாராளம். பக்கம் திறக்க நேரமாகிறது என்றால் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள், எஸ்எஸ்டி மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும்.

மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால் என் ஓட்டு லேன் கேபிளுக்குத்தான். பழைய மெஷின்களில் அந்த ஓட்டை பெரும்பாலும் இருக்கும். 100 மெகாபிட் போர்ட்டாக இருந்தாலும் அந்த வைஃபை கார்டைவிட வேகம், பூட்டு வகை, அலைவரிசை, சேனல் என்று எந்தத் தகராறும் இல்லை. ஒன்று மட்டும், கேபிள் போட்டால் கெஸ்ட் நெட்வொர்க் தந்த தனிமை போய்விடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லேயே ஆதரவு நின்றுவிட்டது. கேபிளில் ஓட்டுவதாக இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நெட்பேங்கிங்கை அந்த மெஷினில் திறக்காதீர்கள்.