கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்த உள் தளம்

திருப்பூர் பனியன் கம்பெனியின் சம்பளத் தளத்துக்கு கெர்பரோஸ் (கடவுச்சொல்லுக்குப் பதில் 'டிக்கெட்' என்ற மின்-அனுமதிச் சீட்டால் ஆளை உறுதிசெய்யும் முறை) வழியாக ஒற்றை உள்நுழைவு வைத்தோம்; விண்டோஸில் ஒருமுறை நுழைந்தால் தளத்துக்கும் அதுவே போதும். விண்டோஸில் நுழைந்த பிறகும் குரோம் மறுபடி கடவுச்சொல் கேட்டது. கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று, வழக்கமான அமைப்பில், 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் டிக்கெட் செல்லாது; பார்த்தேன், சரியாகவே இருந்தது. தளத்தின் ரகசியச் சாவி இருக்கும் கீடேப் கோப்பை இருமுறை புதிதாக எடுத்தும் பலனில்லை. மூன்று நாள் வீண்.

செக்கிங் பிரிவுக் கணினியில் கையிலுள்ள டிக்கெட்டுகளைக் காட்டும் கே-லிஸ்ட் (klist) கட்டளை கொடுத்ததும் பிடிபட்டது. டிக்கெட்டில் தளத்தின் பெயர் இல்லை, சர்வரின் பெயர் இருந்தது! பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்-இல் தளப்பெயரை சி-நேம் ஆக, அதாவது சர்வர் பெயருக்கான மாற்றுப்பெயராக வைத்திருந்தோம். குரோம் அதைத் தொடர்ந்துபோய் மூலப்பெயரான சர்வர் பெயருக்கே டிக்கெட் கேட்கும். கீடேப்பில் இருந்ததோ தளப்பெயர் மட்டும்.

சி-நேமை நீக்கி, அதே பெயரில், ஐபி முகவரியை நேரடியாகக் காட்டும் ஏ ரெக்கார்டு போட்டேன். டிஎன்எஸ் கேஷையும் (கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பதில்கள்) பழைய டிக்கெட்டையும் அழிக்காமல் சோதித்தால் பழைய பிழையே வரலாம். அழித்தபின் தளம் நேராகத் திறந்தது, அப்பாடா.