ஆறு ஸ்வரத்தில் ஒரு கடல்: ஹெப்ரிடீஸ் ஓவர்ச்சரைக் கேட்கப் பழகுவது எப்படி?

ப க ரி க ஸ ப.

இந்த ஆறு ஸ்வரத்தை முதலில் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ஆரம்பத்தில் வரும் ப மத்திய ஸ்தாயி. கடைசியில் வருவது கீழே, மந்திர ஸ்தாயியில் இருக்கும் ப. ரியும் கவும் கரகரப்ரியாவில் வருகிற அதே ரி, க. ஸ்வரம் பழக்கமில்லை, வீட்டில் கீபோர்டு இருக்கிறது என்றால் எஃப் ஷார்ப், டி, சி ஷார்ப், டி, பி, கீழ் எஃப் ஷார்ப் என்று வாசித்துப் பாருங்கள். மேலிருந்து இறங்குகிறது, நடுவில் ஒரே ஒரு முறை லேசாக எழும்புகிறது, மறுபடி சரிந்து கீழே போய்விடுகிறது. கரையில் நின்று ஒரு சின்ன அலையைப் பார்த்தால் அது இப்படித்தான் வந்து போகும்.

ஃபீலிக்ஸ் மெண்டல்சோன் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் எழுதிய ஹெப்ரிடீஸ் ஓவர்ச்சர் சுமார் பத்து நிமிஷம் ஓடும். ஓவர்ச்சர் என்றால் இங்கே ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும், ஒரே பகுதியாக ஓடும் சிறிய இசைப் படைப்பு. அதன் விதை இந்த ஆறு ஸ்வரம்தான். மேற்கத்திய செவ்விசை கேட்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இசையைத்தான். நீளம் குறைவு, பாட்டு வரிகள் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் இருக்கிறது. கீழே உள்ள படிகளை ஒரே நாளில் முடிக்க வேண்டாம். நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: குகையை மறந்துவிடுங்கள்

தேடிப் பார்த்தால் இந்த இசைக்கு இரண்டு பெயர் வரும். ஒன்று ஹெப்ரிடீஸ், இன்னொன்று ஃபிங்கலின் குகை. இரண்டும் ஒன்றேதான். ஆனால் இரண்டாவது பெயரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பத்து நிமிஷமும் குகையைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். எதிரொலி எங்கே, இருட்டு எங்கே என்று காது அலையும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டேன்.

நடந்தது என்னவென்றால், 1829-இல் மெண்டல்சோனுக்கு வயது 20. கார்ல் கிளிங்கமான் என்ற நண்பருடன் ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். ஆகஸ்ட் 7-ஆம் தேதி மேற்குக் கரையிலிருந்து பெர்லினில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஹெப்ரிடீஸ் தீவுகள் என்னை எவ்வளவு ஆழமாகத் தொட்டன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள, அங்கே என் மனதில் தோன்றியதை இதோ தருகிறேன் என்று சொல்லிவிட்டு, இசைக்குறிப்பாகவே எழுதுகிறார். மொத்தம் 21 பார், அதாவது 21 தாளக் கட்டம். இன்று நாம் கேட்கும் ஆரம்பம் கிட்டத்தட்ட அப்படியே அதில் இருக்கிறது, எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்பது உட்பட. ஸ்டாஃபா தீவில் இருக்கும் அந்தக் குகைக்கு அவர் படகேறிப் போனதோ மறுநாள், ஆகஸ்ட் 8-ஆம் தேதி!

ஆக, ஆறு ஸ்வரம் பிறந்தபோது குகையை அவர் பார்த்திருக்கவே இல்லை. அவர் பார்த்தது கடல், தூரத்தில் தெரியும் தீவுகள், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் வெளிச்சம். மறுநாள் படகில் அவருக்குக் கடுமையான குமட்டல். குகையைப் பற்றி விரிவாக எழுதியது கிளிங்கமான்தான். உள்ளே நிற்கும் தூண்களைப் பார்த்தால் பிரம்மாண்டமான ஒரு குழல் ஆர்கனின் உட்புறம் போல இருக்கிறது என்று எழுதினார். குகையின் பெயர் நூலில் ஏறியது பிறகு, இசை அச்சுக்குப் போன சமயத்தில்.

அதனால் கடலைக் கேளுங்கள். அது போதும்.

படி 2: இடத்தைக் கண்ணில் நிறுத்துங்கள்

இரண்டு நிமிஷம் செலவழித்து ஸ்டாஃபாவின் படங்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் மேற்கே, மல் என்ற பெரிய தீவுக்கு அப்பால், அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கும் சின்னத் தீவு அது. ஆள் குடியிருப்பு இல்லை. பல கோடி வருஷத்துக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கிப் பிளந்து, பெரும்பாலும் அறுகோணத் தூண்களாக நின்றுவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் பென்சில்களை நிறுத்தி வைத்த மாதிரி கருங்கல் தூண்கள், மேலே பச்சைப் புல், கீழே அலை. அந்தத் தூண்களுக்கு நடுவே கடல் புகுந்து குடைந்ததுதான் குகை. உயரம் ஏறக்குறைய 20 மீட்டர், ஆழம் 70 மீட்டருக்கு மேல். கேலிக் மொழியில் அதன் பெயர் ‘இனிய ஓசையுள்ள குகை’ என்று பொருள்படும். உள்ளே அலை மோதும்போது எழும் சத்தம்தான் அந்தப் பெயருக்குக் காரணம்.

படங்களில் வானத்தைக் கவனியுங்கள். சாம்பல், வெள்ளி, நடுவில் எங்கோ ஒரு கீற்று வெயில். நமக்குப் பழகிய கடல் வேறு நிறம். இது குளிர்ந்த கடல். இசை பி மைனரில், அதாவது பி-யை ஆதாரமாகக் கொண்ட மங்கலான சாயலில், இருப்பதை இந்த வானத்தோடு சேர்த்துக் கேட்டால் உடனே புரியும்.

படி 3: சத்தத்தைச் சரியாக வையுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இந்த இசை மெதுவாக, கீழ்ச் சுருதியில் ஆரம்பிக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஒலிகள் சரியாகக் கேட்காது. நான் முதன்முதலில் கேட்டது ஓடுகிற பஸ்ஸில். முதல் ஒரு நிமிஷம் எதுவுமே காதில் விழவில்லை. ஹெட்ஃபோன் போடுங்கள், ஃபேன் சத்தம் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஆரம்பத்தில் வரும் ஆறு ஸ்வரம் சிரமமில்லாமல் கேட்கிற அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். பின்னால் சத்தம் ஏறும்போது குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள். அந்த ஏற்றத்தாழ்வுதான் கடல்.

படி 4: முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் மூன்று தடவை

முழுசாகக் கேட்க அவசரம் வேண்டாம். முதல் நிமிஷத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி போடுங்கள்.

முதல் தடவை கீழே கேளுங்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, அதைவிடப் பெரிய செல்லோ, பசூன் மூன்றும் சேர்ந்து ஆறு ஸ்வரத்தை வாசிக்கின்றன. பசூன் ஊதுகருவி, நம் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளி உள்ளது, ஆனால் ஒலி ஆழமாகவும் மென்மையாகவும் இருக்கும். கம்பிக் கருவிகளோடு அது கலக்கும்போது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போன்ற ஒரு மங்கல் கிடைக்கிறது.

இரண்டாம் தடவை மேலே கேளுங்கள். அலை கீழே உருண்டுகொண்டிருக்க, வயலின்கள் நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அடிவானம் என்று எனக்குத் தோன்றும். அலை அசைகிறது, அடிவானம் அசையவில்லை.

மூன்றாம் தடவை கேட்கும்போது கவனிக்க வேண்டியது, அந்த அலை இடம் மாறுவதை. ஆறு ஸ்வரம் இரண்டு தடவை பி மைனரில் வருகிறது. அப்புறம் அதே வடிவம் மேலே ஏறி டி மேஜரில் இரண்டு தடவை. மேஜர் என்பது மைனரைவிட வெளிச்சமான சாயல். பிறகு இன்னும் மேலே, எஃப் ஷார்ப் மைனரில் இரண்டு தடவை. நம் கணக்கில் சொன்னால், ஆதார ஸ்ருதியே ஸ, க, ப என்று ஏறுகிற மாதிரி. நடுவில் அந்த டி மேஜர் வரும் இடத்தில் சில விநாடி வெளிச்சம் படும், உடனே மறைந்துவிடும். மேகம் விலகி மூடுகிற மாதிரி. வார்த்தை எதுவும் இல்லாமல், ஸ்ருதியை நகர்த்தி ஒரு இருபது வயதுப் பையன் இதைச் செய்திருக்கிறான் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

படி 5: செல்லோவுக்காகக் காத்திருங்கள்

இனி முழுதாகக் கேட்கலாம். ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரைப் பொறுத்து நேரம் மாறும். ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிஷத்தில் சலசலப்பு அடங்கி, செல்லோவும் பசூனும் புதிதாக ஒரு மெட்டைத் தொடங்கும். இது டி மேஜர். முதல் மெட்டு மேலிருந்து கீழே விழுந்தது. இது கீழிருந்து மேலே ஏறுகிறது, அகலமாக, மூச்சை இழுத்துக்கொண்டு. டொனால்ட் டோவி என்ற பிரிட்டிஷ் இசை விமர்சகர், மெண்டல்சோன் எழுதியதிலேயே மிகச் சிறந்த மெட்டு இதுதான் என்றார். நானும் அந்தக் கட்சி.

கேட்கும்போது கையால் கோடு போட்டுப் பாருங்கள். முதல் மெட்டுக்குக் கை இறங்கும், இரண்டாவதற்கு ஏறும். இரண்டும் கையில் பதிந்துவிட்டால் மிச்ச ஏழெட்டு நிமிஷத்தில் வழி தவறவே தவறாது. மெட்டு முடிந்ததும் வேகம் கூடி, ட்ரம்பெட்டும் டிம்பானி முரசும் சேர்ந்து பெரிய முழக்கமாகப் போகும்.

படி 6: நடுப்பகுதியில் பொறுமை

சுமார் மூன்றரை நிமிஷத்திலிருந்து ஆறரை வரை கொஞ்சம் சிரமமான இடம். பழைய மெட்டுகள் துண்டு துண்டாக வரும். ஊதுகருவிகள் ஒரு அழைப்பை விடுக்க, கீழே கம்பிக் கருவிகள் ஆறு ஸ்வரத்தால் பதில் சொல்லும். இங்கே எல்லாவற்றையும் பின்தொடர முயல வேண்டாம். எங்கெங்கே அந்த ஆறு ஸ்வரம் தலை காட்டுகிறது என்று மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு கட்டத்தில் எல்லாம் சன்னமாகி, கருவிகள் குட்டிக் குட்டித் துள்ளலாக, கிசுகிசுப்பாக வாசிக்கும். புயலுக்கு முன் கடல் மேல் ஓடும் சிற்றலைகள். அடுத்து வருவது புயல்தான்.

இந்தப் பகுதி மெண்டல்சோனையே பாடாய்ப் படுத்தியது. 1830 டிசம்பரில் ரோமில் இருந்தபோது இசையை எழுதி முடித்தார், ஆனால் திருப்தி இல்லை. 1832 ஜனவரியில் பாரிஸிலிருந்து குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், நடுப்பகுதியில் திமிங்கல எண்ணெய், கடற்காகம், கருவாடு இவற்றின் வாசனையைவிட இசை இலக்கணத்தின் வாசனைதான் தூக்கலாக அடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். கடல் வாசம் வரும் வரை திருத்தினார். 1832 மே 14-இல் லண்டனில் பில்ஹார்மானிக் சொசைட்டி நிகழ்ச்சியில் அரங்கேறியது. அதற்கு அப்புறமும் ஜூனில் ஒரு முறை கை வைத்தார். ஒரு கடிதத்தில் ஓரிரு பக்கத்தில் பிறந்தது முழுமையடைய மூன்று வருஷம்!

படி 7: கிளாரினெட்டும் கடைசி சில விநாடிகளும்

புயலுக்குப் பிறகு ஆறு ஸ்வரம் திரும்ப வரும். இப்போது உங்களுக்கே அடையாளம் தெரியும். ஏழரை நிமிஷ வாக்கில் ஆர்கெஸ்ட்ரா கிட்டத்தட்ட நின்றுவிட்டது போலத் தோன்றும். அங்கே ஒரு கிளாரினெட், முன்பு செல்லோ பாடிய மெட்டை எடுக்கிறது. சீக்கிரமே இரண்டாவது கிளாரினெட்டும் துணைக்கு வருகிறது. கம்பிக் கருவிகள் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் ஒலிக்கின்றன. இந்த இடத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

பிறகு வேகம் பிடித்து, ஆர்ப்பாட்டமாக முடியப் போகிறது என்று நினைக்க வைக்கும். பெரிய அடிகள் விழும். உடனே எழுந்து போய்விடாதீர்கள். சத்தம் ஓய்ந்த இடத்தில், கிளாரினெட் அந்த ஆறு ஸ்வரத்தை மெல்ல ஒரு முறை சொல்கிறது. ஃப்ளூட் அதற்கு எதிர்த்திசையில் மேலே ஏறிப் போகிறது. வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு, விரலால் கம்பியைச் சுண்டுகிறார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒன்று இறங்க, ஒன்று ஏற, முழு இசையும் அந்தச் சில விநாடிக்குள் இருக்கிறது.

படி 8: அடுத்து என்ன கேட்கலாம்?

முதலில் இதையே வேறு ஒருவர் நடத்திக் கேளுங்கள். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைக் கிளாடியோ அபாடோ நடத்திய பதிவும் ஜான் எலியட் கார்டினர் நடத்திய பதிவும் எளிதாகக் கிடைக்கும். ஒரே ஆர்கெஸ்ட்ரா, இரண்டு கைகள். முதல் நிமிஷத்தையும் கிளாரினெட் இடத்தையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, யார் அலையை எவ்வளவு நேரம் தொங்க விடுகிறார் என்று பாருங்கள்.

அதன் பிறகு 1905-இல் பாரிஸில் அரங்கேறிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் லா மெர் (‘கடல்’). அதில் பிடித்துக்கொள்ள இப்படி ஒரு கைப்பிடி சுலபத்தில் கிடைக்காது. அதனால் அவசரப்பட வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் போங்கள். எனக்குக் கேட்டால், அதற்கு முன் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நான்கு கடல் இடையிசைகளில் முதலாவதான ‘விடியல்’ கேட்கச் சொல்வேன். இவர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், லோஸ்டாஃப்டில், கடலைப் பார்த்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ‘விடியல்’ நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். உச்சத்தில் வயலினும் ஃப்ளூட்டும் ஒரே கோடாக, மெலிசாக. நடுவில் ஹார்ப்பும் கிளாரினெட்டும் சட்டென்று தெறித்து மறையும். அடியில் பித்தளைக் கருவிகள் மெல்ல எழுந்து தாழும். முதலில் அடியில் கேளுங்கள், அப்புறம் மேலே.