"ரிட்டர்னை மட்டும் கேன்சல் பண்ணிடுங்க சார்"

போன சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் வந்தான். கையில் ஆன்லைனில் வாங்கிய இயர்பட்ஸ். "காக்கா, இது ஒரிஜினல்தானா பாருங்க, ரிட்டர்ன் போட்டுட்டேன், இருந்தாலும் பாருங்க" என்றான். நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் அவனுக்குப் போன் வந்தது. "சரி சார்... ஆமா சார்... இப்பவே பண்ணிடறேன் சார்." விற்றவன்தான் பேசுகிறான், ரிட்டர்னைக் கேன்சல் செய்யச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆப்பைத் திறந்து ரிட்டர்னைக் கேன்சல் செய்தான்.

பல வருடம் ஆகிறது, நானும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே அழுத்தினேன் என்று அப்போது சொல்ல நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அது 2016. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கீழக்கரையில் மொபைல் பழுது பார்க்கும் தொழில் என்னுடையது. ஒரு காலத்தில் இங்கே சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதித்து வருபவர்) பெட்டியிலிருந்து வெளியே வந்தால் அது ஒரிஜினல், அவ்வளவுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இன்று துபாயில் இருக்கும் மகனே அங்கிருந்து ஆர்டர் போட்டு இங்கே வாப்பா வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான். பெட்டி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. விலை பாதிக்குப் பாதி என்றால் யோசிக்கணும், அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் யோசிக்கணும் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆன்லைனில் வரும் போலிச் சாமான் விஷயத்தில் விவரமானவர்களே விழுகிற குழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதே என்று நம்புவது

போலி தயாரிப்பவன் நம்பரைக் கற்பனை செய்வதில்லை. உண்மையான ஒரு பொருளின் நம்பரை எடுத்து ஆயிரம் பெட்டியில் அச்சடிப்பான். கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தால் "சரியான பொருள்" என்றுதான் வரும். இயர்பட்ஸ் மூடியைத் திறந்ததும் போன் திரையில் படம் எழும்புகிறதே, அதுவும் சாட்சி இல்லை. அதையும் காப்பி அடித்துவிட்டார்கள்.

பார்க்க வேண்டியது பொருத்தம். பெட்டியில் உள்ள நம்பர், சாமான் உடம்பில் உள்ள நம்பர், செட்டிங்ஸில் காட்டும் நம்பர், பில்லில் உள்ள நம்பர் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். போன் என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போடுங்கள். என்ன பிராண்ட், என்ன மாடல் என்று சொல்லும். கையில் இருப்பது ஒன்று, பதில் வேறொன்று என்றால் கதை முடிந்தது.

சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் மத்திய அரசின் தரச்சான்று அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கும். ஆர் என்ற எழுத்து, ஒரு கோடு, அப்புறம் 8 இலக்கம். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்கு, எந்த பிராண்டுக்குக் கொடுத்த எண் என்று வரும். "எண் இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பவர் பேங்க் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் எல்இடி பல்புக் கம்பெனி பெயர் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

திரை காட்டும் அளவை நம்புவது

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் 512 ஜிபி மெமரி கார்டு வாங்கினார். கேமராவில் போட்டார், 512 என்று காட்டியது. நாலு படம் எடுத்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. நிக்காஹ் முடிந்து கணினியில் போட்டால் காலையில் எடுத்தது மட்டும் இருக்கிறது. மற்ற ஃபைலுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, திறந்தால் ஒன்றும் இல்லை. கார்டுக்குள் இருந்தது 32 ஜிபி. 512 என்று பொய் சொல்ல அதன் கன்ட்ரோலர் சிப்பைப் பழக்கியிருக்கிறார்கள். 32 நிரம்பும் வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் எழுதுவதுபோல் நடிக்கும். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள்.

பவர் பேங்க் கதை இன்னும் கேவலம். ரிட்டர்ன் தேதி முடிந்த 20,000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) பவர் பேங்க் ஒன்றை உரிமையாளர் கண் முன்னாலேயே திறந்தேன். உள்ளே இரண்டு செல், பக்கத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றில் கட்டி வைத்த மணல். கையில் எடுத்தால் கனமாக இருக்கணும் அல்லவா, அதற்கு. "நம்ம கரையில இல்லாத மணலா தம்பி, இதைக் காசு குடுத்து வரவழைச்சிருக்கேனே" என்று அவர் தலையில் கை வைத்தார். ஆகவே எடையை நம்பாதீர்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை நல்ல 20,000 பவர் பேங்க் இரண்டரை முறையாவது நிரப்பணும். ஒரு முறையோடு மூச்சு நின்றால் ரிட்டர்ன் போடுங்கள்.

நாட்டுப்படகுக்காரர்கள் டார்ச்சுக்கு வாங்கும் 18650 என்ற ரீசார்ஜ் செல்லிலும் இதே பொய்தான். நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கும். 9,900 என்று அச்சடித்திருந்தால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

வீடியோவில் பார்சலைத் திறப்பதை மட்டும் எடுப்பது

முகவரி லேபிள், டேப் ஒட்டிய ஆறு பக்கம், கடைசியில் சாமானின் சீரியல் நம்பர். மூன்றும் வெட்டாமல் ஒரே வீடியோவில் இருக்கணும்.

என்னிடம் கொண்டுவந்து திறக்கச் சொல்வது

ஒரு திருகைத் திருப்பினால் ரிட்டர்ன் போச்சு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து, இது எங்கள் பொருள் இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த ஒற்றைத் தாளுக்கு உள்ள மதிப்பு என் ஸ்க்ரூ டிரைவருக்குக் கிடையாது.

விற்றவன் பேச்சைக் கேட்டுப் புகாரை மூடுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2016இல் கடைக்காக ஒரு சால்டரிங் ஸ்டேஷன் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி) வாங்கினேன், 6,400 ரூபாய். நல்ல பிராண்ட் என்று நினைத்தேன். முனை சூடேறுகிறது, ஆனால் டிஸ்ப்ளே 350 டிகிரி என்று காட்டும்போது ஈயம் உருகவே யோசிக்கிறது. ரிட்டர்ன் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் போன். அழகான தமிழ். "அண்ணே, குடோன்ல பசங்க மாத்தி அனுப்பிட்டாங்க, மன்னிச்சுக்கங்க. உங்க ஊருக்குப் பிக்கப் ஆள் வர பத்து நாள் ஆகும். நான் நாளைக்கே புதுசு அனுப்பறேன், பழசும் நீங்களே வச்சுக்கங்க. ரிட்டர்னை மட்டும் கேன்சல் பண்ணிடுங்க, அது ஓப்பன்ல இருந்தா சிஸ்டம் அடுத்த பார்சலை விடாது." பழசையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறானே, எவ்வளவு நல்ல மனிதன் என்று நினைத்தேன். கேன்சல் செய்தேன். நாலு நாள் "கிளம்பிடுச்சு அண்ணே", அப்புறம் "கூரியர்ல மாட்டிக்கிச்சு அண்ணே". எட்டாம் நாளிலிருந்து எடுக்கவே இல்லை. ஆப்பில் போய்ப் பார்த்தால் ரிட்டர்ன் தேதி முடிந்திருந்தது. கஸ்டமர் கேரில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார்: "சார், நீங்களே கேன்சல் பண்ணியிருக்கீங்க."

அந்த ஒரு வரிக்காகத்தான் அவன் அத்தனை இனிமையாகப் பேசினான். ரிட்டர்ன் தேதி தாண்டும் வரை தளம் பொதுவாக விற்றவனிடம் பணத்தை விடுவிப்பதில்லை. ரிட்டர்ன் விழுந்தால் பணமும் போகும், அவன் மதிப்பெண்ணும் குறையும். நீங்களே கேன்சல் செய்துவிட்டால் ரெக்கார்டில் வாடிக்கையாளர் திருப்தி அடைந்துவிட்டார் என்று ஆகிறது. நாள் கணக்கோ டெலிவரி ஆன தேதியிலிருந்துதான் ஓடும், கேன்சல் செய்ததால் முதலிலிருந்து ஆரம்பிக்காது. பேச்சு முழுக்கப் போனில் நடப்பதால் கையில் ஒரு சாட்சியும் மிஞ்சாது.

எனக்கு எரிச்சல் வருவது ஏமாற்றுகிறவன் மேல் மட்டும் இல்லை. நம் ஆட்கள் மேலும்தான். முகம் தெரியாத ஒருவன் இரண்டு முறை "சார்" என்று சொன்னால், முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு ஒத்துக்கொள்கிறோம். பாவம், அவன் வேலை போய்விடும் என்று அவனுக்காக வக்காலத்து வாங்கியவர்களும் உண்டு.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஆப் சாட்டிலேயே எழுதுங்க, போன்ல வேண்டாம்." எழுத மாட்டான். எழுதினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாற்றுப் பொருள் கையில் வந்து, சோதித்து, திருப்தியான பிறகு புகாரை மூடலாம். பழைய சாமானைப் பிக்கப் ஆளிடம் கொடுக்கும்போதும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான எஸ்எம்எஸ் வந்ததும் வாசல் கதவைச் சாத்துங்கள்.

அவசரப்பட்டுக் கேன்சல் செய்துவிட்டீர்களா? தேதி மிச்சம் இருந்தால் அந்த நிமிடமே மறுபடி போடுங்கள். பெரியபட்டினத்துப் பையனுக்கு இரண்டு நாள் பாக்கி இருந்தது. கடையிலேயே உட்கார வைத்து மறுபடி போட வைத்தேன். விற்றவன் எண்ணிலிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்றாவது முறை நான்தான் எடுத்தேன். என்ன பேசினேன் என்று எழுத வேண்டாம்.

காரணத்தைத் தப்பாகப் போடுவது

"பிடிக்கவில்லை" வேண்டாம். "போலி" என்றே போடுங்கள்.

நெட்டில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணைக் கூப்பிடுவது

ஆப்புக்குள் இருக்கும் எண் மட்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று யுபிஐ பின் அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள், பணம் உள்ளே வர அது தேவையே இல்லை. அடித்துவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

ஆப் கைவிரித்ததும் விட்டுவிடுவது

இங்கே பாதிப் பேர் "போனது போச்சு" என்று எழுந்துவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்றவன் மறுக்க முடியாது. ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய விவரம் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். போன் செய்யாமல் மின்னஞ்சலாக எழுதுங்கள். பில், வீடியோ, ஜாப் ஷீட் மூன்றையும் சேருங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் டிஸ்ப்யூட் எழுதிக் கொடுங்கள்.

அங்கும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கடைக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்குக்கு இந்த ஆணையம் இல்லை, சட்டப்படி நீங்கள் அங்கே நுகர்வோர் ஆக மாட்டீர்கள். ஆனால் சொந்தப் பிழைப்புக்கு, சொந்தக் கையால் உழைக்க வாங்கிய கருவி அப்படி இல்லை. படகுக்காரர் தன் டார்ச்சுக்காகவும் வழக்குப் போடலாம், தையல்காரர் தன் மெஷினுக்காகவும் போடலாம். என் சால்டரிங் ஸ்டேஷனுக்கும் போட்டிருக்கலாம். அப்போது நான் கேட்டுப் பார்த்தவர்கள், விற்றவன் ஊருக்குப் போய்த்தான் போடணும் என்று பயமுறுத்தினார்கள். நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2019 சட்டத்தில் தெளிவாகச் சொல்லி, அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது என் இரண்டு வருடம் எப்போதோ முடிந்திருந்தது. அந்த ஸ்டேஷன் இன்னும் மேசைக்கடியில் கிடக்கிறது.