நிறுத்தி வைத்த வண்டிக்கு எந்தச் சார்ஜர்?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு சேலத்தில் குடியிருப்பவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மாதத்தில் ஓரிரு முறைதான் மேலே போவார்கள். அங்கே கொட்டகையில் இருக்கும் ஜீப்புக்கும் ஜெனரேட்டருக்கும் பேட்டரி கெடுவது பெரும்பாலும் ஓட்டத்தால் அல்ல, சும்மா நிற்பதால்தான். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் முழுமையாகத் திரும்பாது.

ஆகவே சார்ஜர் வாங்கும்போது, பேட்டரி நிறைந்த பிறகு அது என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் தானாக நிற்காது. அப்படி ஒன்றை ஜீப் பேட்டரியில் மாட்டிவிட்டு ஒருமுறை நான் மலையிறங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கொட்டகைக் கதவைத் திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மூடியைத் திருகிப் பார்த்தால் ஆசிட் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தது, பெட்டியின் பக்கங்களும் உப்பியிருந்தன.

பராமரிப்புச் சார்ஜர் என்பது 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, பேட்டரி நிறைந்ததும் தானே 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி, தானாகக் குறையும் சார்ஜை மட்டும் ஈடுசெய்துகொண்டிருப்பது. இந்த அளவுகள் 25 டிகிரி வெப்பத்துக்கு உரியவை. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.02 வோல்ட் மாற வேண்டும் என்பதால், சித்திரை வெயிலில் 40 டிகிரி காயும் சேலத்துத் தகரக் கொட்டகையில் 13.3 வோல்ட் போதும். மார்கழியில் 15 டிகிரிக்கு இறங்கும் ஏற்காட்டில் 13.8 வோல்ட் அளவுக்குத் தேவைப்படும். ஒரே சார்ஜரை மேலும் கீழும் கொண்டுபோகிறவர்கள், வெப்ப உணரி உள்ளதையே சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவது நல்லது.

ஆம்பியர் கணக்கு எளிது: பேட்டரியின் ஆம்பியர் ஹவரில், அதாவது அதன் கொள்ளளவில், பத்தில் ஒரு பங்கு. 35 ஆம்பியர் ஹவர் கார் பேட்டரிக்கு 4 ஆம்பியரும், 80 உள்ள டிராக்டருக்கு 8 ஆம்பியரும் பொருந்தும்; பராமரிப்புக்கு மட்டும் என்றால் 1 ஆம்பியர் போதும். சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர்கள் 24 வோல்ட் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில சார்ஜர்களில் உள்ள, 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் ‘ரிப்பேர்’ முறையை, தண்ணீர் ஊற்ற வழியில்லாத சீல்டு பேட்டரியில் போடவே கூடாது. மருந்தடிக்கும் தெளிப்பானில் லித்தியம் பேட்டரி இருந்தால், அதனுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்ட வேண்டாம்.

மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். சில சார்ஜர்கள் கரண்ட் திரும்பியதும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருந்துவிடும். ஆளில்லாத கொட்டகையில் அதனால் பயனில்லை. கடையிலேயே ஒரு பேட்டரியில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது சிவப்பு கிளிப்பைப் பாசிட்டிவ் முனையிலும், பிறகு கறுப்பைப் பேட்டரிக்குத் தள்ளி சேஸிஸிலும் பொருத்தி, கடைசியாகவே சுவிட்சைப் போட வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முழுவதும் சார்ஜ் ஏற்றிக் கழற்றிய பேட்டரியை ஓர் இரவு விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 இருந்தால் நலம், காலையிலேயே 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால், புதுச் சார்ஜருக்குச் செலவழிக்கும் முன் பேட்டரியை மாற்ற வேண்டும்.