ஆஸ்துமா வகையைக் கணிப்பதில் கோட்டை விடும் இடங்கள்

பெரியவர்களின் ஆஸ்துமாவை, மூச்சுக்குழாயில் எந்த வகை வெள்ளணு மிகுந்திருக்கிறது என்று பார்த்து நான்காகப் பிரிக்கிறோம்: ஈசினோஃபில் வகை, நியூட்ரோஃபில் வகை, இரண்டும் கலந்தது, இரண்டுமே மிகாதது. நெஞ்சகப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் பரிசோதனை எடுக்கும் நாளில் கோட்டை விடுகிறார்கள்.

பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) முடிந்த மறுநாளே ரத்தம் எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் இந்தத் தவறு இன்னும் எரிச்சலூட்டுகிறது. நாற்பது வயதுப் பெண் வீசிங் முற்றி அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வையுங்கள். தினம் 40 மி.கி. வீதம் ஐந்து நாள் பிரெட்னிசலோன். ஆறாம் நாள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணு 12,000, ஈசினோஃபில் 0.3 சதவீதம், அதாவது வெறும் 36. நியூட்ரோஃபில் 84 சதவீதம். உடனே கேஸ் ஷீட்டில் ‘ஈசினோஃபில் வகை அல்ல’ என்று ஏறிவிடும். அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் இரண்டு மாதம் முந்தைய ரிப்போர்ட் நான்காக மடித்துக் கிடக்கும்: 8,000-இல் 7 சதவீதம், 560. அதைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை.

ஸ்டீராய்டு சில மணி நேரத்திலேயே ஈசினோஃபில்களை ரத்தத்திலிருந்து விரட்டிவிடும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை ஓட்டத்துக்குள் இழுத்து, அவற்றின் ஆயுளையும் நீட்டும். ரிப்போர்ட்டில் தெரிவது மருந்தின் வேலை.

எழுதிய பெயர் அடுத்தடுத்த டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் போகும். ஈசினோஃபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் ஊசிகள் பேச்சுக்கே வராது. ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் தொடரும். கூடவே சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை. ஆள் பார்த்துக் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெபோலிசுமாபே சாட்சி. ஈசினோஃபில் பார்க்காமல் ஆட்களைச் சேர்த்து 2007-இல் வெளியான ஆய்வில் அது பயன் தரவில்லை. 2009-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் சளியில் ஈசினோஃபில் மிகுந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தபோது ஆஸ்துமா தாக்குதல்கள் குறைந்தன.

ஸ்டீராய்டு ஏற்ற ஊசி குத்தும்போதே, மருந்து ஏறுமுன் ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிடுங்கள். தவறினால், மாத்திரை நிறுத்தி ஒன்றிரண்டு வாரமாவது கழியட்டும். நிறுத்தவே முடியாதவருக்கு, முடிந்தவரை குறைந்த டோஸில் இருக்கும்போது எடுங்கள். குறைவாக வந்தால் மூன்று முறை வரை திரும்பப் பாருங்கள். அதிக டோஸ் ஸ்டீராய்டு இன்ஹேலரில் இருப்பவருக்கு 150 வந்தாலே ஈசினோஃபில் வகை என்று சந்தேகிக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

சதவீதத்தோடு நிறுத்துவது

அதே 4 சதவீதம், வெள்ளணு 6,000 என்றால் 240. 11,000 என்றால் 440. பெருக்குங்கள்.

சளி என்று எச்சிலை அனுப்புவது

சளி எடுக்க, முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால். பிறகு 3 முதல் 4.5 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசரில் கொடுத்து, இடையிடையே ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்க வேண்டும். வாய் கொப்பளித்த பிறகே இருமித் துப்பச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். நேரம் கடந்த மாதிரியில் அணுக்கள் சிதைந்துவிடும்.

புகைப்பவரின் நைட்ரிக் ஆக்சைடு அளவை நம்புவது

வெளிவிடும் மூச்சில் இருக்கும் இந்த வாயு, ஈசினோஃபில் வகைக்கு ஓர் அடையாளம். புகைப்பவரிடம் அது குறைத்தே காட்டும்.

நியூட்ரோஃபில் என்றதும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துவது

வேண்டாம். தொற்று, புகை, மூச்சுக்குழாய் விரிவு நோய் உண்டா என்று தேடுங்கள்.

ஈசினோஃபில் மிகுந்தால் ஆஸ்துமாவோடு முடித்துக்கொள்வது

300 தாண்டினாலே, தோல் வழியே புகும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் குடற்புழுவை நினையுங்கள்; வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் என்றால் கட்டாயம். ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கலாம். யானைக்கால் நோய் இருந்த ஊர்க்காரர், ராத்திரி இருமல், எண்ணிக்கை 3,000-க்கு மேல் என்றால், யானைக்கால் புழுவான ஃபைலேரியாவால் வரும் நுரையீரல் ஈசினோஃபிலியாவாக (ஈசினோஃபில் மிகை) இருக்கலாம். அதற்கு மருந்து டைஈத்தைல்கார்பமசின், மூன்று வாரம்.